இருநூற்று ஐம்பத்தாறுக்குள் அடங்கிய கழி

படங்கள் இனிமேல் பொய் சொல்லக் கூடாது என்று அரசாங்கம் முடிவெடுத்த ஆண்டில்தான் செவ்வல்துறை இ-சேவை மையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு மந்திரி ஒரே காலையில் ஒன்பது ஊர்களில் பாலம் திறந்து வைக்கும் படங்கள் வெளியாகியிருந்தன. ஒன்பதும் இயந்திரம் வரைந்தவை. ஒன்பது ஊர்களிலும் பாலம் இல்லை என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. படம் போலி என்பதற்கு மட்டும் ஒரு குழு அமைத்தார்கள்.

குழு பதினான்கு மாதம் யோசித்தது. இயந்திரங்கள் தங்கள் பொய்யைப் படத்தின் நுண்ணிய ஆழங்களில் ஒளித்து வைக்கின்றன, ஆகவே ஆழமே இல்லாத படங்கள்தான் நம்பத் தகுந்தவை என்று கண்டுபிடித்தது. நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன பி.சி.எக்ஸ். என்ற பழைய கோப்பு வடிவத்தைத் தோண்டி எடுத்தார்கள். அதில் ஒரு சாம்பல் நிறப் படத்துக்குக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை இருநூற்று ஐம்பத்தாறு படிகள்தான் உண்டு. பூஜ்யத்தில் தொடங்கி இருநூற்று ஐம்பத்தைந்தில் முடியும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். எண்களைத் தாளில் அச்சிட்டால் ஓர் எழுத்தர் பென்சிலோடு உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம். எழுத்தர் எண்ணிப் பார்க்க முடியாதது சான்று ஆகாது என்று விதி எழுதினார்கள். உலகத்தில் கருவிகளின் கண்கள் நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டிருந்தபோது, நாங்கள் எழுத்தரின் பென்சிலுக்கு அளவெடுத்து ஓர் உலகத்தைத் தைத்துக்கொண்டோம்.

மாற்றுவதற்கு ஒரே ஓர் இணையதளம். பெயர் ‘மெய்யாக்கம்’. அறிவியல் கருவி எடுத்த கோப்பை ஏற்ற வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், காத்திருக்க வேண்டும். “தங்கள் படம் மெய்யாக்கப்பட்டது” என்று பச்சை எழுத்தில் வரும். அதைச் சுற்றிப் பூக்கள் உதிரும். ஒரு வழக்குக்கு ஒரே ஒரு படத்தை, ஒரே ஒரு முறைதான் சமர்ப்பிக்கலாம். படத்தின் ஓரத்தை வெட்டினால் சிறை.

நான் ஜெசிந்தா. ஆதாரில் முகவரி மாற்றுவது, சாதிச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, ஐம்பது கே.பி.க்குள் முகங்களைச் சுருக்குவது ஆகியவற்றோடு மெய்யாக்குவதும் என் வேலை ஆயிற்று. ஊரில் எல்லோருடைய உண்மையும் என் விரலின் கீழே போய் வந்தது. சில நாட்களில் அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தெக்லா அக்கா முதன்முதலில் மையத்துக்கு வந்தபோது நனைந்த பாவாடையோடு வந்தாள். நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். கடலையொட்டிய உப்பங்கழியில் இறால் தடவும் பதினொரு பெண்களில் அவள் மூத்தவள். இடுப்பளவு நீரில் இறங்கி, ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் மீனவர் கிடையாது.

கழிக்கு வடக்கே எரிவாயு மின்நிலையம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கடல் நீரை ஒரு பக்கம் உறிஞ்சி, இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டு, மறுபக்கம் ஒரு வாய்க்கால் வழியாகக் கழிக்குள் விடுவார்கள். மிஞ்சிய வாயுவை எரிக்கும் கோபுரத்தின் உச்சியில் இரவும் பகலும் தீ நின்றுகொண்டிருக்கும். வாய்க்கால் வந்த பிறகு கழியின் மேற்குப் பாதியில் இறால் இல்லை. இப்போது கம்பெனி இரண்டாவது வாய்க்கால் கேட்டிருந்தது. அது மிச்சமிருந்த கிழக்குப் பாதியில் திறக்கும். அது திறந்தால் பதினொரு பேரும் கரையேற வேண்டியதுதான். தடுக்க ஒரே ஒரு வழி இருந்தது: கழி ஏற்கனவே கடலைவிட இரண்டு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது என்று தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் இரண்டாவது வாய்க்காலுக்கு அனுமதி கிடையாது.

“தண்ணி சுடுது. இத எழுதி அனுப்பு,” என்றாள் தெக்லா அக்கா.

எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தை மூன்று வருடமாகப் பங்குத் தந்தையிடமும் தாசில்தாரிடமும் சொல்லி வந்திருக்கிறாள். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் வாக்கியத்தை மெய்யாக்க முடியாது. படம் வேண்டும் என்று தளம் கேட்டது.

படத்தைக் கொண்டுவந்தவர் வளவன். பல்கலைக்கழகத்தில் கடல் ஆய்வு செய்பவர், முப்பது வயது இருக்கும். பேசும்போது எதிரே இருப்பவரின் தோளுக்கு மேலே, தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டு பேசுவார். வெப்பத்தைப் பார்க்கும் கேமரா ஒன்றை ட்ரோனில் கட்டி, விடியற்காலையில், பெண்கள் கழியில் நிற்கும்போதே இரண்டு முறை பறக்கவிட்டார். அவருடைய கேமராவுக்கு அறுபத்தைந்தாயிரம் படிகள் தெரியும். மடிக்கணினித் திரையில் கடல் நீலமாகவும் கழி ஆரஞ்சாகவும் விரிந்தபோது பதினொரு பெண்களும் என் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். தங்கள் காலுக்குத் தெரிந்ததை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள். கடல் இருபத்தேழரை, வாய்க்கால் வாய் முப்பதரை, மூன்று டிகிரி வித்தியாசம் என்றார் வளவன். போதும், தாராளமாகப் போதும் என்றார்.

இரண்டு படங்களில் எதை அனுப்புவது என்று பேச்சு வந்தது. ஒன்றில் கழியும் கடலும் மட்டும் இருந்தன. இன்னொன்றில் மின்நிலையமும் தீக்கோபுரமும் சேர்ந்து விழுந்திருந்தன.

தெக்லா அக்கா இரண்டாவதைத் தொட்டாள். “இதுதான். அடிச்சவன் மூஞ்சி இல்லாம அடிவாங்குனவ முதுக மட்டும் காட்டுனா எவன் நம்புவான்? கம்பெனி தெரியணும்.”

மற்ற பெண்கள் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு படத்திலும் கழியின் அளவுகள் ஒன்றேதான் என்று வளவனும் சொன்னார். அவருடைய கோப்பில் அது உண்மை. அவர் ஒருநாளும் மெய்யாக்கம் தளத்தைப் பயன்படுத்தியதில்லை. கண்டுபிடிப்பது விஞ்ஞானிகளின் வேலை. கண்டுபிடித்ததைச் சுருக்குவது எங்களைப் போன்றவர்களின் வேலை.

பொத்தானை அழுத்தினேன். பூக்கள் உதிர்ந்தன. தபால்தலை அளவுக்கு ஒரு முன்தோற்றம் வந்தது: முழுக் கறுப்பு, மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அன்று காலையில் மட்டும் நாற்பது முகங்களைச் சுருக்கியிருந்தேன். சின்னதாக்கினால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும் என்று நினைத்துச் ‘சமர்ப்பி’யையும் அழுத்தினேன்.

விசாரணை அன்று தீர்ப்பாயத்தின் மேசை மீது எங்கள் கழி தாள்தாளாக அடுக்கப்பட்டிருந்தது. முந்நூற்றுச் சொச்சம் தாள்கள். எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் தாளை வாசித்தார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இரண்டாவது தாள், பூஜ்யம். கடல் பூஜ்யம். கழி பூஜ்யம். வாய்க்கால் பூஜ்யம். பள்ளிக்கூடம், மாதா கோயில், கல்லறைத் தோட்டம், நானும் என் அம்மாவும் தூங்கிக்கொண்டிருந்த வீடு எல்லாம் பூஜ்யம். கடைசித் தாள்களில்தான் எண்கள் உயிர்பெற்றன: கொதிகலன்களுக்கு இருபது, நாற்பது, தீக்கோபுரத்துக்கு இருநூற்று ஐம்பத்தைந்து. கம்பெனி வக்கீல் புருஷோத்தமன் அந்தத் தாளை மட்டும் கையில் வாங்கி, மகனின் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வளவன் எழுந்து நின்றார். அன்றைக்கு அவர் தொலைவில் பார்க்கவில்லை.

“ஐயா, இந்தத் தளம் என்ன பண்ணுதுன்னா, படத்துல இருக்கிறதுலயே குளிர்ந்த புள்ளிக்குப் பூஜ்யம் கொடுக்குது. சூடான புள்ளிக்கு இருநூத்தி அம்பத்தஞ்சு கொடுக்குது. நடுவுல இருக்கிற வெப்பத்தைச் சமமாப் பங்கு போடுது. கோபுரத்துத் தீ ஆயிரத்து நூறு டிகிரி. அதனால ஒரு படி ஏற நாலு டிகிரிக்கு மேல வேணும். கழிக்கும் கடலுக்கும் வித்தியாசம் மூணு. அது முதல் படியிலேயே முடிஞ்சு போகுது. அந்தத் தீ படத்துல இல்லன்னா எல்லாம் தெரிஞ்சிருக்கும்.”

“படத்தை யார் தேர்ந்தெடுத்தது?” என்று தீர்ப்பாயத் தலைவர் கேட்டார்.

“நாங்கதான்.”

“இதில் பூஜ்யம் இருப்பதை மறுக்கிறீர்களா?”

“இல்ல, ஆனா...”

ஆனாவைப் பதிவு செய்ய வேண்டாம் என்று தலைவர் எழுத்தரிடம் சொன்னார்.

பிறகு ஒரு சின்னச் சிக்கல் எழுந்தது. பூஜ்யங்களின் நடுவே அங்கங்கே ‘ஒன்று’ இருந்தது. எழுத்தர் பென்சிலால் வட்டமிட்டு எண்ணினார். மொத்தம் பதினொன்று. வளவன் குனிந்து பார்த்துவிட்டு, அவை கழியில் நின்றிருந்த பெண்கள் என்றார். மனித உடம்பின் சூடு முதல் படியைக் கொஞ்சம் தாண்டும். தலைவர் தெக்லா அக்காவையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நீர்ப்பரப்பில் வேறு பொருள்கள் கலந்திருப்பது பிழை என்று சொல்லி, பதினொரு ஒன்றையும் பூஜ்யமாகத் திருத்தச் சொன்னார். எழுத்தர் அழிரப்பர் தேடினார்.

தெக்லா அக்கா எழுந்து, காரில் ஒரு மணி நேரம்தான், வந்து கழியில் காலை வைத்துப் பாருங்கள் என்று தலைவரைக் கூப்பிட்டாள். தலைவர் கோபப்படவில்லை. கால் சான்று அல்ல, அது உணர்ச்சி என்று ஒரு தகப்பனைப் போல விளக்கினார். கழிக்கும் கடலுக்கும் வெப்ப வேறுபாடு ஏதும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. நிலையம் மின்சாரம் எடுக்கிறது என்று அரசு தரும் உற்பத்திச் சான்றிதழ் நடப்பில் இருக்கும் வரை கம்பெனி இரண்டாவது வாய்க்காலை வெட்டிக்கொள்ளலாம்.

திரும்பி வந்த பேருந்தில் நான் தெக்லா அக்காவின் பக்கத்தில் உட்காரவில்லை. அந்த வெள்ளைப் புள்ளியை நான்தான் பார்த்தேன். சமர்ப்பிக்கும் முன் இன்னொரு படத்தை ஏற்றியிருக்கலாம். ஊருக்குள் இறங்கியதும் அவளே மையத்துக்குள் வந்தாள், பின்னாலேயே வளவனும். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி ஜெசி, கடல்ல எடுக்க தண்ணியும் கழியில வுடுத தண்ணியும் ஒரே சூடுன்னுதான சொல்லிருக்காவ?”

ஆமாம் என்றேன்.

“அப்போ அவன் உள்ள என்னத்தப் பொங்குதான்? உல வச்சி, தண்ணி சுடவே இல்லன்னா அடுப்பு எரியலன்னுதான அர்த்தம்?”

வளவன் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். மின்நிலையம் என்றால் நீரைச் சூடாக்கித்தான் தீர வேண்டும், சூடாக்காமல் ஒரு விளக்குக்குக்கூட மின்சாரம் எடுக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். மீட்டர்களையும் போலி செய்கிறார்கள் என்பதால் உற்பத்திச் சான்று அலுவலகம் இப்போது இந்த வித்தியாசத்தைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறதாம். உறிஞ்சும் வாய், தீக்கோபுரம், வெளியேறும் வாய் மூன்றும் ஒரே படத்தில் இருக்க வேண்டுமாம். ஆனால் அந்த அலுவலகம் மெய்யாக்கம் கேட்பதில்லை. கம்பெனியின் மூலக் கோப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

“ஏன் கேட்கிறதில்லை?” என்றேன்.

“யாரும் அவங்களை அதைக் கேட்கச் சொல்லலை.”

சொன்னேன். அன்று மாலையே. விதி எல்லா அலுவலகங்களுக்கும் பொது என்று ஒரு வரி, தீர்ப்பின் நகல் ஒன்று. இரண்டு பக்கப் புகார். அரசாங்கத்தில் ஒருவர் தவறு செய்கிறார் என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவர் படிவத்தை விட்டுவிட்டார் என்று சொன்னால் மூன்று அலுவலகங்கள் எழுந்து நிற்கும். பன்னிரண்டே நாளில் கம்பெனியின் படம் மெய்யாக்கப்பட்டது. உறிஞ்சும் வாய் பூஜ்யம், வெளியேறும் வாய் பூஜ்யம். செவ்வல்துறையில் ஒரு தீ எரிகிறது, ஆனால் அதனால் வேலை எதுவும் நடைபெறவில்லை என்று அலுவலகம் குறிப்பு எழுதிச் சான்றிதழை நிறுத்தி வைத்தது. அந்தக் குறிப்பை என் மையத்தில் அன்று விசிறியும் விளக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசித்தேன். மின்சாரம் அங்கிருந்துதான் வருகிறது.

கம்பெனி தீர்ப்பாயத்துக்கு ஓடியது. தாங்கள் கழியைச் சூடாக்குகிறோம் என்று நிரூபிக்க அனுமதி கேட்டு முப்பத்தாறு பக்க மனு. அதே மூன்று டிகிரி, இந்த முறை நல்ல தாளில். மூலப் படத்தை ஏற்க முடியாது, அது விதிக்குப் புறம்பு என்றது தீர்ப்பாயம். ஆனாலும் தொழில் வளர்ச்சியைக் கருதி ஒரு வழி விட்டது. கம்பெனியோடு தொடர்பில்லாத, அன்றாடம் அந்த நீரில் நிற்கிற ஒருவர், நீர் சூடாக இருக்கிறது என்று சத்தியம் செய்து சொன்னால் போதும். ஒருவர் போதும். மாத முடிவுக்குள் வேண்டும். தவறினால் சான்றிதழ் ரத்து. அதோடு இரண்டாவது வாய்க்காலுக்கான அனுமதியும் ரத்து.

அப்படிப்பட்டவர்கள் பூமியில் பதினொரு பேர்தான் இருந்தார்கள்.

வக்கீல் புருஷோத்தமன் நான்கு நாள் செவ்வல்துறையில் தங்கினார். கேன்டீனில் நிரந்தர வேலை என்று சொல்லிப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருத்தி கால் மரத்துப்போய்விட்டது என்றாள். ஒருத்தி தனக்கு எப்போதும் குளிர்தான் என்றாள். பத்து பேரும் தெரியாது என்றார்கள். மாதத்தின் கடைசி நாள் காலை பத்து மணிக்குத் தெக்லா அக்காவைத் தேடிக் கழிக்கரைக்கே வந்தார். வாக்குமூலத்தைப் பதிய அரசு ஊழியர் ஒருவர் வேண்டும் என்று டேப்லெட்டோடு என்னையும் அழைத்து வந்திருந்தார்.

வரும் வழியில் விதியை மறுபடி ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். சத்தியம் செய்து பதிந்த வாக்குமூலத்துக்கு மாறாக, அதைத் தந்தவர் பிற்பாடு எங்கே பேசினாலும், எழுதினாலும் குற்றம். வாழ்நாள் முழுவதும். அதைத் தெக்லா அக்காவிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

அவள் முழங்கால் நீரில் நின்றிருந்தாள். வக்கீல் கரையிலிருந்து மரியாதையாகவே பேசினார். மூன்று வருடமாக நீங்கள் சொன்னதை இப்போது கேட்க ஆள் வந்திருக்கிறது என்றார். அவளுடைய பழைய மனுவை எடுத்து வாசித்துக் காட்டினார்: தண்ணி சுடுது.

“நீங்க எறங்கிப் பாத்தீயளா சார்?” என்று அவள் கேட்டாள்.

அவர் தயங்கிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முதல் அடியிலேயே அவர் முகம் மாறியது. பிறகு மலர்ந்தது. எங்கள் ஊருக்கு வெளியே இருந்து வந்து, காலால் உணர்ந்து அதைச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

“சூடா இருக்கும்மா. நல்லாவே சூடா இருக்கு.”

“அப்படியா? எனக்குத் தெரியலயே.”

“உங்க மனுவுல நீங்களே எழுதியிருக்கீங்க.”

“அது கோர்ட்டுக்குப் போவ முன்ன சார். நான் படிக்காதவ. பெறகு படிச்சவங்க உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்துச் சொல்லிட்டாவல்லா. அம்புட்டுப் பெரிய மனுசங்க பொய்யா சொல்லிருப்பாவ?”

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் டேப்லெட்டைப் பார்த்தேன். விதிப்படி நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: இந்த நீரின் தன்மை குறித்துச் சத்தியமாக நீங்கள் சொல்வது என்ன?

தெக்லா அக்கா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். எனக்குத் தெரிந்து அவள் ஒரு பொய்ச் சத்தியம் செய்ததில்லை.

“குளுந்து கெடக்கு. எழுதுட்டி.”

எழுதினேன். அவள் பெருவிரலை வைத்தாள். வக்கீல் கரையேறி, நனைந்த பாதங்களைக் கைக்குட்டையால் துடைத்து, காரில் ஏறினார். கார் உப்பளத்தைத் தாண்டி, திருப்பத்தில் மறைகிற வரை அவள் அசையவில்லை.

“ரெண்டாவது வாய்க்கா வராதுல்லா?”

“வராதுக்கா. இன்னைக்கோட முடிஞ்சுது.”

“இந்தப் பழைய வாய்க்கா?”

சான்றிதழ் இல்லாமல் கம்பெனி எத்தனை நாள் ஓட்டும், யார் போய் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி இனி யாரும் வழக்குப் போட முடியாது, நீர் குளிர்ந்திருப்பதாகப் பதிவாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

“சுடுதுன்னு நான் இனிமே சொல்லக் கூடாது, என்ன?”

“யார்ட்டயும் சொல்லக் கூடாதுக்கா.”

“உங்கிட்ட?”

டேப்லெட்டின் மேலே அரசு முத்திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அணைத்தேன்.

“எங்கிட்டயும்தான்.”

சரி என்று தலையாட்டினாள். பிறகு ஒரு காலைத் தூக்கி, சற்று நேரம் காற்றில் வைத்திருந்துவிட்டு, மெல்ல நீருக்குள் ஊன்றி, மற்றக் காலைத் தூக்கினாள்.